லேஅவுட் பெயர் இல்லாத முகவரி: சிறு ஆர்என்ஏ ஆய்வைத் தொடங்குபவர்களுக்கு

ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் முடிந்த கையோடு திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து முதுகலை மாணவர்கள் ஆறு மாத ஆய்வுத் திட்டத்துக்காகப் பெங்களூருவுக்கு வருகிறார்கள். யஷ்வந்த்பூரில் ரயிலை விட்டு இறங்கி, ஹெப்பாளில் பஸ் மாறி, பல்லாரி சாலையோரத்து வளாகங்களுக்குப் பெட்டியும் கையுமாக வந்து சேர்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவருக்கு, சிறு ஆர்என்ஏக்களும் மீள்வரும் டிஎன்ஏவும் (மீண்டும் மீண்டும் வரும் வரிசைகள்) ஒரே ஜீனோமுக்குள், அதாவது ஓர் உயிரின் முழு டிஎன்ஏ தொகுப்புக்குள், சேர்ந்து பரிணமிப்பதைப் பற்றிய தலைப்பு கிடைக்கும். இரண்டாம் நாள் மாலை தேநீர்க் கடையில், "அக்கா, இதை எங்கிருந்து பிடிப்பது?" என்று கேட்பார்கள். இத்தனை நாள் வாய்மொழியாகச் சொல்லிவந்த பதிலை இங்கே எழுத்தில் தருகிறேன். பழ ஈயை வைத்தே சொல்கிறேன். இந்தக் கதை மிகத் தெளிவாகத் தெரிவது அந்த ஈயில்தான்.

கணினியைத் திறப்பதற்கு முன்

முதல் இரண்டு நாள் கணினியைத் தொடாதீர்கள். இரு தரப்பும் யார் யார் என்று முதலில் தெரிய வேண்டும்.

மனித ஜீனோமில் புரதங்களுக்கான குறிப்பு ஏறத்தாழ 1.5 சதவீதம்தான். இடம் விட்டு இடம் தாவும் டிஎன்ஏவும் அதன் எச்சங்களும் 45 சதவீதம் அளவுக்கு இருக்கின்றன. மக்காச்சோளத்தில் அது சுமார் 85 சதவீதம். பழ ஈயில் 20 சதவீத அளவு. தாவும் டிஎன்ஏவை டிரான்ஸ்போசான் என்பார்கள். மக்காச்சோள மணிகளின் நிறப்புள்ளிகளைக் கூர்ந்து கவனித்து 1940களில் இதைக் கண்டுபிடித்தவர் பார்பரா மெக்ளின்டாக். நோபல் பரிசு அவரை வந்தடைய 1983 ஆயிற்று. டிரான்ஸ்போசான்கள் ஜீனோம் முழுவதும் சிதறிக் கிடப்பவை. மீள்வரும் டிஎன்ஏவில் இன்னொரு வகையும் உண்டு. ஒரே வரிசை ஆயிரக்கணக்கான முறை அடுத்தடுத்து நிற்கும். அதற்குச் சேட்டிலைட் டிஎன்ஏ என்று பெயர். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இவற்றை ஆராயும் வழிகள் வேறு வேறு.

மறுதரப்பில் சிறு ஆர்என்ஏக்கள், அதாவது தமக்கு இணையான வரிசைகளை அடக்கும் குட்டி ஆர்என்ஏ இழைகள். இவற்றை நீளத்தாலேயே, எத்தனை வேதி எழுத்து என்பதாலேயே, ஓரளவு பிரித்துவிடலாம். மைக்ரோ ஆர்என்ஏ சுமார் 22 எழுத்து. ஈயில் எஸ்ஐ ஆர்என்ஏ 21 எழுத்து. நமக்கு முக்கியமான பிவி ஆர்என்ஏ 23 முதல் 29 எழுத்து வரை நீளும். ஆய்வகத்தில் பலர் இதைப் பை ஆர்என்ஏ என்பார்கள். முட்டையும் விந்தும் உருவாகும் திசுக்களில் டிரான்ஸ்போசான்களை அடக்கி வைப்பது இதன் வேலை. நெல்லில் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு பிவி ஆர்என்ஏ கிடையாது. தாவரங்களில் 24 எழுத்துள்ள எஸ்ஐ ஆர்என்ஏக்கள் டிரான்ஸ்போசான் இருக்கும் இடத்தில் டிஎன்ஏவின் மேல் மெத்தில் குறி வைத்து அதை வாயடைக்கின்றன. கீழே சொல்லும் படிகளில் பாதி அவர்களுக்கும் பயன்படும்.

இப்போது கதையின் மையத்துக்கு வருவோம். யாரைப் பிடிக்க வேண்டும் என்று பிவி ஆர்என்ஏவுக்கு எப்படித் தெரிகிறது? ஈயின் ஜீனோமில் சில பகுதிகள் செத்துப்போன டிரான்ஸ்போசான்களின் துண்டுகளால் நிறைந்திருக்கின்றன. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஃபிளமெங்கோ அப்படி ஒரு பகுதி. சுமார் 1,80,000 எழுத்து நீளம். ஜிப்சி என்ற டிரான்ஸ்போசானை அடக்கும் இடம் என்று மரபியலாளர்கள் அதை முன்பே அறிந்திருந்தார்கள். ஆனால் அதற்குள் புரதம் எதற்குமான குறிப்பு கிடைக்கவில்லை. அது பிவி ஆர்என்ஏக்களின் ஊற்று என்பது 2007இல் தெரிந்தது. புதிதாக வந்த டிரான்ஸ்போசான் தாவித் தாவி, தற்செயலாக இப்படி ஒரு பகுதிக்குள் விழுந்துவிட்டால், அதன் வரிசையும் அங்கிருந்து பிவி ஆர்என்ஏவாக வெட்டப்பட்டு வெளிவருகிறது. விழுந்த துண்டு, தன் உறவுகள் அத்தனைக்கும் எதிரான சாட்சியாகிவிடுகிறது.

இது கண்ணெதிரே நடந்த வரலாறு என்பதுதான் என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது. பி எலிமென்ட் என்ற டிரான்ஸ்போசான் டிரோசோஃபிலா வில்லிஸ்டோனி என்ற வேற்றின ஈயிலிருந்து நம் பழ ஈயான மெலனோகாஸ்டருக்கு 20ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. 2,907 எழுத்து கொண்ட அந்த வரிசையில் இரண்டு இனங்களுக்கும் இடையே ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. அதற்கு முன்பே பிடித்து ஆய்வகத்தில் வளர்த்த ஈக்களில் அது இல்லை. இன்று வெளியில் பறக்கும் ஈக்களில் உலகெங்கும் பரவிவிட்டது. 2010ஐ ஒட்டி அது சிமுலன்ஸ் என்ற அடுத்த இனத்துக்குள்ளும் நுழைந்தது. நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஜீனோம் படையெடுப்பு நடந்துகொண்டிருந்தது.

கிராஃப் தாளில் ஒரு பயிற்சி

அடுத்து ஒரு கத்தரிக்கோலும் கிராஃப் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். 25 கட்டங்கள் உள்ள ஒரு பட்டையை வெட்டுங்கள். முதல் கட்டத்தில் யுராசில் என்று எழுதுங்கள்; அது ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று. டிரான்ஸ்போசானுக்கு எதிரிழையாக, அதாவது அதன் ஆர்என்ஏவோடு இணையும் வரிசையாக வரும் பிவி ஆர்என்ஏக்களில் பெரும்பாலானவை யுராசிலில்தான் தொடங்குகின்றன. இந்தப் பட்டையைச் சுமப்பது ஆபர்ஜின் என்ற புரதம். கத்தரிக்காய் என்று பொருள்படும் பெயர்தான்.

இப்போது நீளமான இன்னொரு பட்டையை அதற்கு எதிரே வையுங்கள். இதுதான் டிரான்ஸ்போசானின் ஆர்என்ஏ. முதல் பட்டையின் 10ஆம், 11ஆம் கட்டங்களுக்கு நடுவே, எதிர்ப்பட்டையில் கத்தரியை வையுங்கள். ஆபர்ஜின் வெட்டுவதும் அதே இடத்தில்தான். வெட்டிய துண்டின் புது முனை அடுத்த பிவி ஆர்என்ஏவின் முதல் எழுத்தாகிறது. அதைச் சுமப்பது ஆகோ3 என்ற புரதம். இரண்டு பட்டைகளும் எத்தனை கட்டம் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்று எண்ணுங்கள். சரியாக 10. இரண்டாவது பட்டையின் 10ஆம் கட்டம் எதற்கு நேரே நிற்கிறது? முதல் பட்டையின் யுராசிலுக்கு. யுராசிலுக்கு இணை அடினைன். ஆகவே இரண்டாவது வகையில் பத்தாம் எழுத்து அடினைனாக இருக்கும். ஆகோ3 சுமக்கும் துண்டு அதே முறையில் மறுபடி எதிரிழையை வெட்டும். பந்து இருபுறமும் போய்வருவதால் இதற்குப் பிங்பாங் சுழற்சி என்று பெயர் வைத்தார்கள்.

இந்தக் காகிதப் பயிற்சியைச் செய்யாமல் நேரே கணினிக்குப் போன மாணவர்கள், திரையில் 10 என்ற இடத்தில் உயரும் கோபுரத்தைப் பார்த்துவிட்டு அது ஏன் 10 என்று சொல்லத் தெரியாமல் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். செய்தவர்கள் ஒருபோதும் மறப்பதில்லை.

தரவை எடுப்பதும் கழுவுவதும்

சொந்தமாக ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் முன், பொதுவில் கிடைக்கும் ஒரு தரவில் கை பழகுங்கள். வரிசைத் தரவுகளைப் பொதுவில் வைக்கும் எஸ்ஆர்ஏ காப்பகத்தில் மெலனோகாஸ்டர் ஈயின் சினைப்பைச் சிறு ஆர்என்ஏ தரவுகள் நிறைய இருக்கின்றன. எந்த மாற்றமும் செய்யாத இயல்பான ஈயின் தரவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஈ மரபியல் தரவுத்தளமான ஃப்ளைபேஸிலிருந்து ஜீனோம் வரிசையையும், டிரான்ஸ்போசான் குடும்பங்களின் மாதிரி வரிசைகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஈயின் ஜீனோம் சிறியது. சாதாரண மடிக்கணினியே தாங்கும்.

இறக்கும் முன் அந்தத் தரவு எப்படித் தயாரானது என்ற குறிப்பைக் கட்டாயம் படியுங்கள். ஆக்சிஜனேற்றம் செய்த மாதிரியா என்று பாருங்கள். பிவி ஆர்என்ஏவின் வால்முனையில் ஒரு மெத்தில் கவசம் உண்டு. பெர்அயோடேட் கரைசல் கவசம் இல்லாதவற்றைச் சிதைத்துவிடும். அதனால் அப்படிப்பட்ட மாதிரியில் மைக்ரோ ஆர்என்ஏ மிகக் குறைவாகத்தான் இருக்கும். அதை ஆக்சிஜனேற்றம் செய்யாத மாதிரியோடு ஒப்பிட்டு, "இங்கே பிவி ஆர்என்ஏ அதிகம்" என்று எழுதினால் அந்த முடிவு செல்லாது.

வரிசை படிப்பதற்காக ஆய்வகத்தில் ஒட்டிய அடாப்டர் வரிசையைக் கட்அடாப்ட் நிரல் கொண்டு வெட்டி நீக்குங்கள். 18 எழுத்துக்குக் குறைந்தவற்றை விட்டுவிடுங்கள். பிறகு நீளத்தை வைத்து ஒரு பட்டை வரைபடம் போடுங்கள். 21, 22இல் ஒரு முனை, 23 முதல் 29 வரை ஓர் அகலமான மேடு. இது வந்தால் தரவு நல்ல நிலையில் இருக்கிறது. 30இல் ஒற்றைக் கம்பம் போல ஏதாவது உயர்ந்து நின்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். ஈயின் ரைபோசோமில் 2எஸ் என்ற 30 எழுத்து ஆர்என்ஏ இருக்கிறது. வேறு பல உயிரினங்களில் அது தனியாக இருப்பதில்லை. மனிதத் தரவுக்காக எழுதிய வழிமுறைகளில் அதைப் பற்றிய பேச்சே வராது. ரைபோசோம் ஆர்என்ஏ, கடத்தும் ஆர்என்ஏ எல்லாவற்றையும் கழித்த பிறகே மேலே செல்லுங்கள்.

வீசக் கூடாத துணுக்குகள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான்.

பெங்களூருவுக்குப் புதிதாக வந்த யாரும் முதல் வாரத்தில் ஒரு பாடம் கற்பார்கள். "மூன்றாவது மெயின், ஐந்தாவது கிராஸ்" என்று மட்டும் சொன்னால் ஆட்டோக்காரர் நகர மாட்டார். ஜெயநகரிலும் அது உண்டு, மல்லேஸ்வரத்திலும் உண்டு, எச்எஸ்ஆர் லேஅவுட்டிலும் உண்டு. லேஅவுட் பெயர் இல்லாத முகவரி, முகவரியே ஆகாது. டிரான்ஸ்போசானிலிருந்து வந்த 25 எழுத்துத் துணுக்கின் நிலையும் இதுதான். ஒரே குடும்பத்துக்கு ஜீனோமில் நூறு நகல் இருந்தால், அந்தத் துணுக்கு நூறு இடத்திலும் பிழையின்றிப் பொருந்தும்.

மரபணுக்களின் வெளிப்பாட்டை அளக்க எழுதப்பட்ட பல வழிமுறைகளில், ஒரே இடத்தில் பொருந்தும் துணுக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கும்படி அமைத்திருப்பார்கள். மரபணுக்களுக்கு அது நியாயமான முடிவு. நமக்கோ அப்படி நீக்கப்படுபவைதான் விளைச்சல் முழுவதும். நான் மாணவியாக இருந்தபோது இப்படியொரு தயார் வழிமுறையை அப்படியே ஓட்டினேன். ஜீனோமில் மிக அதிக நகல் உள்ள குடும்பங்களுக்கு எதிராகச் சிறு ஆர்என்ஏ ஏறத்தாழ இல்லை என்று விடை வந்தது. மூன்று வாரம் அதற்கு விளக்கம் தேடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நீக்கப்பட்ட துணுக்குகளின் கோப்பைத் திறந்து எண்ணினேன். தேடிக்கொண்டிருந்தவை அத்தனையும் அதற்குள் இருந்தன. நகல்கள் எவ்வளவு அதிகமோ, எவ்வளவு அண்மையில் பரவியவையோ, அவ்வளவு கடுமையாக அந்த வடிகட்டி அவற்றைத் தண்டிக்கிறது. பரிணாமத்தில் இப்போது சூடாக நடந்துகொண்டிருக்கும் பகுதியே கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். துணுக்குகளை ஜீனோமோடு பொருத்தும் போடை நிரலில் எழுத்துப் பிழைக்கு இடம் தராமல், பொருந்தும் எல்லா இடங்களையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு துணுக்கு நாற்பது இடத்தில் பொருந்தினால் ஒவ்வோர் இடத்துக்கும் நாற்பதில் ஒரு பங்கு என்று கணக்கில் சேருங்கள். ஒரே இடத்தில் பொருந்துபவற்றைத் தனிக் கோப்பில் வையுங்கள். ஃபிளமெங்கோ போன்ற ஊற்றுப் பகுதிகளின் எல்லையைக் காண அவைதான் உதவும். செத்த டிரான்ஸ்போசான் துண்டுகள் காலப்போக்கில் எழுத்து மாறிப்போவதால், பழைய துண்டுகளுக்கு லேஅவுட் பெயர் கிடைத்துவிடுகிறது. பிறகு எல்லாத் துணுக்குகளையும் டிரான்ஸ்போசான் குடும்பங்களின் மாதிரி வரிசைகளோடு பொருத்துங்கள். இங்கே இரண்டு அல்லது மூன்று எழுத்துப் பிழையை அனுமதியுங்கள்.

இதிலிருந்து குடும்பத்துக்கு ஒரு பக்கம் வீதம் வரைபடம் போடுங்கள். நேரிழைத் துணுக்குகள் மேலே, எதிரிழை கீழே. முதல் எழுத்தில் யுராசில் எவ்வளவு, பத்தாம் எழுத்தில் அடினைன் எவ்வளவு, 10 எழுத்துப் படிவு தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஜிப்சியில் ஏறத்தாழ எல்லாமே எதிரிழையாக வரும், பிங்பாங் அடையாளம் தென்படாது. இது உங்கள் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். ஜிப்சி இயங்குவது முட்டையைச் சூழ்ந்த உடல் செல்களில். அங்கே ஆபர்ஜினும் ஆகோ3யும் இல்லை. பிவி ஆர்என்ஏக்களைச் சுமக்கும் இன்னொரு புரதமான பிவி மட்டுமே காவல் காக்கிறது. வரைபடத்தின் வடிவமே எந்தச் செல்லில் போர் நடக்கிறது என்று சொல்லிவிடும்.

இரண்டு இனங்களை ஒப்பிடுதல்

பரிணாமம் என்ற சொல்லைத் தலைப்பில் வைத்துக்கொண்டு ஓர் இனத்தோடு நிற்க முடியாது. சிமுலன்ஸ் ஈயை அடுத்து எடுங்கள். இரண்டும் பிரிந்து இருபது, முப்பது லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய பெரிய பள்ளம் ஒன்று. மெலனோகாஸ்டருக்காகத் தயாரித்த டிரான்ஸ்போசான் பட்டியலைச் சிமுலன்ஸுக்கும் பயன்படுத்தினால், சிமுலன்ஸில் டிரான்ஸ்போசானும் குறைவு, பிவி ஆர்என்ஏவும் குறைவு என்று வரும். பட்டியலில் இல்லாத குடும்பத்தை எந்த நிரலும் தேடித் தராது. டிஃபாம் என்ற திறந்த தரவுத்தளத்தைப் பாருங்கள். போதாவிட்டால் ரிப்பீட்மாடலர் நிரல் கொண்டு அந்த இனத்துக்கென்று சொந்தப் பட்டியல் தயாரியுங்கள். ஜீனோம் வரிசையும் நீண்ட துணுக்குகளால் தைத்ததாக இருக்கட்டும். குறுந்துணுக்குகளால் தைத்த பழைய வரிசைகளில் மீள்வரும் பகுதிகள் சுருங்கிக் கிடக்கும்; ஊற்றுப் பகுதிகள் நடுவில் அறுந்து தொங்கும்.

ஒப்பிடும்போது ஒரு சொல்லில் எச்சரிக்கை வேண்டும். டிரான்ஸ்போசானுக்கும் சிறு ஆர்என்ஏவுக்கும் நடப்பதைப் பலர் "ஆயுதப் போட்டி" என்று ஒரே வீச்சில் எழுதிவிடுகிறார்கள். அதற்குச் சான்று உண்டுதான். ஊற்றுப் பகுதிகளை இனங்காணும் ரைனோ போன்ற புரதங்கள் ஈ இனங்களுக்கிடையே மிக வேகமாக மாறியிருக்கின்றன. ஆனால் 2021இல் வெளியான ஓர் ஆய்வு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. முட்டைச் செல்களில் பெரிய ஊற்றுகள் என்று கருதப்பட்ட 42ஏபி, 38சி, 20ஏ ஆகிய மூன்றையும் ஒரே ஈயிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். ஈக்கள் மலடாகவில்லை, டிரான்ஸ்போசான்களும் கட்டவிழ்ந்து ஆடவில்லை. இனத்துக்கு இனம் இந்த ஊற்றுகள் தோன்றி மறைகின்றன என்பதையும் அதே ஆய்வு காட்டியது. காவல் ஒரு கோட்டைக்குள் அடைபட்டிருக்கவில்லை. ஜீனோம் முழுவதும் சிதறிய பல சிறு நகல்களும் பிவி ஆர்என்ஏ தருகின்றன. ஒரு பெரிய ஊற்று மாறிவிட்டது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பரிணாமக் கதை கட்டிவிடாதீர்கள்.

சேட்டிலைட் டிஎன்ஏ பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு கதைகள். ஆண் ஈயின் எக்ஸ் குரோமோசோமில் ஸ்டெல்லேட் என்ற மரபணு பல நகல்களாக அடுக்கி நிற்கிறது. அதை அடக்கும் சிறு ஆர்என்ஏக்கள் ஒய் குரோமோசோமில் உள்ள இன்னொரு மீள்வரிசையிலிருந்து வருகின்றன. ஒய்யில் அது இல்லாத ஆணின் விந்தணு உருவாகும் செல்களில் ஊசி ஊசியாகப் புரதப் படிகங்கள் நிறைந்து, அது மலடாகிவிடும். 2001இல் இதை விளக்கிய ஆய்வுதான் பிவி ஆர்என்ஏ கதையின் தொடக்கங்களில் ஒன்று. இரண்டாவது, மெலனோகாஸ்டர் எக்ஸில் உள்ள 359 எழுத்துச் சேட்டிலைட். சிமுலன்ஸ் தாய்க்கும் மெலனோகாஸ்டர் தந்தைக்கும் பிறக்க வேண்டிய மகள்கள் கருவிலேயே மடிகின்றன. தந்தை தந்த அந்தச் சேட்டிலைட் தொகுதி தொடக்கச் செல்பிரிவுகளில் பிரிய முடியாமல் இழுபடுகிறது. சிமுலன்ஸ் முட்டை அந்தத் தொகுதியை ஒருபோதும் சந்தித்ததில்லை.

கடைசிப் படி: ஈயைப் பாருங்கள்

வரைபடங்கள் கையில் வந்தபின், ஈ ஆய்வகத்தில் அனுமதி கேட்டு இந்தக் கலப்புச் சோதனையைச் செய்யுங்கள். ஹார்விச் என்ற ஆய்வக ஈ வகையில் பி எலிமென்ட் உண்டு. கேண்டன்-எஸ் வகையில் இல்லை. ஒரு குழாயில் ஹார்விச் ஆண், கேண்டன்-எஸ் பெண். மற்றதில் ஹார்விச் பெண், கேண்டன்-எஸ் ஆண். பெண் ஈக்கள் ஆணோடு சேராதவையாக இருக்க வேண்டும்; கூட்டிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்துக்குள், வெளிறிய வயிற்றில் கரும்பச்சைப் புள்ளி தெரியும்போதே பிரித்துவிடுங்கள். தெருவில் பிடித்த ஈயை ஹார்விச்சுக்குப் பதிலாக வைக்காதீர்கள். வெளி ஈக்களில் வெட்டுப்பட்ட பி நகல்கள் நிறைய இருக்கும், விளைவு கலங்கலாகிவிடும்.

குழாய்களை 29 டிகிரி இன்குபேட்டரில் வளருங்கள். ஒரு டிசம்பரில் இன்குபேட்டரில் இடமில்லாமல் நான் மேசைமேல் வைத்தேன். பெங்களூரு மார்கழிக் குளிரில் இரண்டு குழாய்களின் மகள்களும் ஒன்றுபோலவே நலமாக இருந்தன. வகைகளே மாறிப்போய்விட்டனவோ என்று சந்தேகப்பட்டேன். பி எலிமென்டின் சேதம் வெப்பத்தில்தான் முழுமையாக வெளிப்படும்.

மகள்கள் வெளிவந்து மூன்று நான்கு நாள் ஈஸ்ட் தின்றபின், ஒன்றை மயக்கி உப்புக்கரைசல் துளியில் வைத்து, இரண்டு இடுக்கிகளால் வயிற்றின் கடைசி வளையத்தை மெல்ல இழுங்கள். ஹார்விச் தாய்க்குப் பிறந்தவளின் சினைப்பைகள் வயிறு கொள்ளாமல் பிதுங்கி வரும். ஒவ்வொன்றும் வெண்மணிகள் கோத்த பதினைந்து இருபது சரங்கள். நுனியில் மிகச் சிறிய மணி, அடியில் முதிர்ந்த முட்டை. இப்போது மறு குழாயின் மகளைத் திறங்கள். இரண்டு மெல்லிய வால்கள் போல வெறும் தோல்தான் இருக்கும். மணி ஒன்றுகூட இராது. இரு மகள்களின் குரோமோசோம்களும் அதே இரு வகைகளிலிருந்து, அதே பங்கில் வந்தவை. முதலாவதின் தாய், பி எலிமென்டுக்கு எதிரான சிறு ஆர்என்ஏக்களைத் தன் முட்டைக்குள் வைத்து அனுப்பியிருந்தாள். இரண்டாவதின் தாயிடம் கொடுக்க எதுவும் இருக்கவில்லை.